ஜூலை மாத ஆட்டங்களை வைத்து விம்பிள்டன் உதைபந்தாட்டக் கழகத்தை எடை போடலாமா?

தென் லண்டனில் கொலியர்ஸ் வூட் பக்கம் அண்மையில் குடிவந்த ஒருவர் கேட்டிருக்கிறார். மகனுக்கு ஒன்பது வயது, உதைபந்தாட்டம் என்றால் உயிர். பக்கத்தில் இருக்கிற கழகம் ஏஎஃப்சி விம்பிள்டன், 2025 மே மாதம் வெம்பிளி மைதானத்தில் வென்று லீக் வன்னுக்கு, அதாவது இங்கிலாந்தின் மூன்றாம் பிரிவுக்கு, ஏறின அணி. அந்தப் புளுகத்தில் மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு சிநேகபூர்வ ஆட்டத்துக்குப் போயிருக்கிறார். இடைவேளைக்குப் பிறகு பதினொரு பேரும் மாறிவிட்டார்களாம். அரைவாசிப் பேரை யாரென்றே தெரியவில்லையாம். ஆட்டமும் சோர்ந்துபோய்க் கிடந்ததாம். "இவங்களை நம்பி சீசன் டிக்கெட் எடுக்கலாமோ? தெரிந்த அண்ணைமார் சொல்லுங்கோ" என்று முடித்திருக்கிறார்.

இதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. ஜூலையில் ஆடுகிற ஆட்டத்தை வைத்து ஓகஸ்டுக்குப் பிறகு நடக்கப்போவதைச் சொல்லலாமா என்பது ஒன்று. அதற்கு ஓரளவு உறுதியாகப் பதில் சொல்லலாம். இந்தக் கழகத்துக்குப் பின்னால் நம்முடைய சனிக்கிழமைகளைக் கொடுக்கலாமா என்பது மற்றது. அதில் நான் நடுநிலையான ஆள் இல்லை. கழகம் முந்தின மைதானமான கிங்ஸ்மெடோவில் ஆடின காலத்திலிருந்து போய்வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுவர் அணி ஒன்றுக்குப் பயிற்சியும் கொடுக்கிறேன். ஆனபடியால் ஆட்டம் பற்றிச் சொல்வதை நம்பலாம், கழகம் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு எடுத்துக்கொள்ளுங்கோ.

முதலில் ஆட்டம் ஏன் சோர்வாகத் தெரிந்தது என்பது. வீரர்கள் ஜூன் கடைசியில்தான் திரும்பி வருவார்கள். லீக் தொடங்குவதற்குக் கிடைப்பது ஐந்து ஆறு கிழமை. முதல் கிழமை முழுக்க ஓட்டமும் உடற்சோதனையும். அதற்குப் பிறகு காலையும் மாலையும் இரண்டு நேரப் பயிற்சி. நீங்கள் பார்த்த ஆட்டத்துக்கு முதல் நாளும், சில வேளை அன்று காலையிலும், அவர்கள் கால் கனக்கக் கனக்க ஓடியிருப்பார்கள். லீக் ஆட்டத்துக்கு முன் கால்களுக்கு ஓய்வு கொடுப்பது வழக்கம். ஜூலையில் அந்த ஓய்வே கிடையாது, வேண்டுமென்றுதான் கொடுப்பதில்லை. ஒரு வீரனுக்கு முதல் ஆட்டத்தில் நாற்பத்தைந்து நிமிடம், அடுத்ததில் அறுபது, பிறகு எழுபத்தைந்து, கடைசி ஆட்டத்தில் தொண்ணூறு என்று ஏற்றிக்கொண்டு போவார்கள். இடைவேளையில் பதினொரு பேரையும் மாற்றியதற்குக் காரணம் இதுதான். முகாமையாளர் கோபத்தில் மாற்றினார் என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்த முறை போனால், ஆட்டம் முடிந்த விசில் ஊதின பிறகு உடனே எழும்பிப் போகாமல் ஒரு பத்து நிமிடம் இருந்து பாருங்கோ. குறைந்த நேரம் ஆடினவர்களை ஒரு பயிற்றுநர் கூட்டிக்கொண்டுபோய், இந்தக் கோல் கம்பத்திலிருந்து அந்தக் கோல் கம்பம் வரைக்கும் விரட்டி விரட்டி ஓடவிடுவார். சட்டையைக் கழற்றினால் உள்ளே கறுப்புக் கச்சை ஒன்று போட்டிருப்பார்கள். தோள்பட்டைக்கு நடுவில் சின்னக் கருவி ஒன்று செருகியிருக்கும். எவ்வளவு தூரம் ஓடினான், அதில் எவ்வளவு வேக ஓட்டம் என்று எல்லாம் அதில் பதியும். கோல் எண்ணிக்கையை நாங்கள் பார்க்கிறோம், பயிற்சிக் குழு பார்ப்பது அந்தக் கருவி தருகிற இலக்கங்களை. அந்த இலக்கங்கள் நமக்குக் கிடைக்கப்போவதில்லை. சனத்தை உள்ளே விடாமல் பயிற்சி மைதானத்தில் ஆடுகிற ஆட்டங்களும் இருக்கின்றன. அவையும் நம் கண்ணில் படுவதில்லை. கலரியில் இருந்து பார்க்கிறவனுடைய கணிப்புக்கு எல்லை அவ்வளவுதான், எத்தனை வருஷம் பார்த்தாலும்.

பெயர் தெரியாத பொடியன்கள் யார்? இங்கே வீரர்களின் ஒப்பந்தம் ஜூன் 30ஆம் திகதியோடு முடியும். வேறு கழகம் கிடைக்காதவர்கள், பெரிய கழகங்கள் வெளியே விட்ட இருபது, இருபத்தொரு வயதுக்காரர்கள் பரீட்சார்த்தமாக வந்து ஆடிப் பார்ப்பார்கள். வீரர் பட்டியலில் பெயர் இருக்காது, ட்ரயலிஸ்ட் என்று மட்டும் போட்டிருக்கும். பெயரைப் போட்டால் மற்றக் கழகம் மோப்பம் பிடித்துவிடும் என்பது ஒரு காரணம். கையெழுத்து இல்லாமல் போனால் அந்தப் பொடியனுக்குப் பெயர் கெடக்கூடாது என்பது இன்னொன்று. மிச்சப் பேர் கழகத்தின் சொந்த இளையோர் அணியில் இருந்து வருகிறவர்கள். இவர்களைச் சும்மா கடந்து போகாதீர்கள். ஜாக் ருடோனி அப்படி விம்பிள்டனின் இளையோர் அணியில் வளர்ந்து, முதல் அணியில் ஆடி, 2022இல் ஹடர்ஸ்ஃபீல்டுக்கு விலைபோனவர். பணக்கார முதலாளி இல்லாத கழகத்துக்கு அப்படியான ஒரு விற்பனை பெரிய சங்கதி.

அதோடு நீங்கள் ஜூலையில் பார்த்தது முழு அணியும் அல்ல. வீரர்களை வாங்கி விற்கிற காலக்கெடு 2025இல் செப்டம்பர் 1 வரை இருந்தது. லீக்கோ ஓகஸ்ட் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடும். பிரீமியர் லீக் கழகங்கள் தங்கள் இளம் வீரர்களைக் கடனுக்குக் கொடுப்பது பெரும்பாலும் தங்களுடைய வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் முடிந்து, யார் தேவை, யார் தேவையில்லை என்று தெரிந்த பிறகுதான். லீக் வன், அதற்கு ஒரு பிரிவு கீழே இருக்கிற லீக் டூ கழகங்கள் அதுவரைக்கும் காத்துக்கொண்டு நிற்கும். 2024-25 பருவத்தில் விம்பிள்டனின் கோல்காப்பாளர் ஓவன் குட்மன், கிரிஸ்டல் பலஸில் இருந்து கடனுக்கு வந்த பொடியன். லீக் வன்னுக்கு ஏறினதில் அவருடைய பங்கு கொஞ்சநஞ்சமில்லை. கடன் காலம் முடிந்தது, திரும்பிப் போய்விட்டார். ஆகவே முக்கியமான ஓர் இடத்துக்கு 2025 கோடையில் புது ஆளைப் பழக்க வேண்டியிருந்தது. பின்வரிசை தடுமாறினதாகத் தெரிந்திருந்தால் இதையும் கணக்கில் எடுங்கோ. கோல்காப்பாளர் எப்போது வெளியே வருவார், எப்போது வரமாட்டார் என்று பின்னால் நிற்கிற மூன்று பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியவேண்டும். அது கிழமைக்கணக்கில் சேர்ந்து ஆடித்தான் வரும்.

2025க்கென்று இன்னொரு சிக்கலும் இருந்தது. லீக் டூவின் வழக்கமான ஆட்டங்கள் மே 3ஆம் திகதி முடிந்துவிட்டன. விம்பிள்டன் ஐந்தாவதாக வந்து, மேலே ஏறுகிற கடைசி இடத்துக்கான பிளே-ஓஃப் ஆட்டங்களின் அரையிறுதியில் நொட்ஸ் கவுண்டியை வென்று, மே 26ஆம் திகதி வெம்பிளியில் வோல்சாலை 1-0 என்று வென்றது. மைல்ஸ் ஹிப்பொலைட் அடித்த கோல். 2025-26 பருவத்தின் முதல் ஆட்டம் ஓகஸ்ட் 1, வெள்ளி இரவு, லூட்டனில். மற்றக் கழகங்களுக்குத் தொண்ணூறு நாள் இடைவெளி என்றால் எங்களுக்கு அறுபத்தேழுதான். இருபத்து மூன்று நாள் குறைவு. அந்த அறுபத்தேழு நாளுக்குள்தான் வீரர்களுக்கு விடுமுறையும் கொடுக்க வேண்டியிருந்தது, எந்தப் பிரிவில் ஆடப்போகிறோம் என்று தெரியாமல் நிறுத்தி வைத்திருந்த பேச்சுவார்த்தைகளையும் முடிக்க வேண்டியிருந்தது. லீக் டூ சம்பளத்துக்கு ஒருவனைக் கேட்பதும் லீக் வன் சம்பளத்துக்குக் கேட்பதும் ஒன்றல்ல. பிளே-ஓஃபில் ஏறுகிற அணி எல்லாருக்கும் பிந்தித்தான் சந்தைக்குப் போகும். ஏறினதற்குக் கொடுக்கிற விலை அது.

சரி, அப்படியென்றால் ஜூலை ஆட்டத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. கோல் எண்ணிக்கை ரியூஷன் மாஸ்டர் வைக்கிற மாதிரிப் பரீட்சை மார்க் போல, அதை விட்டுவிடுங்கோ. பந்து கைக்கு வந்ததும் கோல்காப்பாளர் முதலில் எங்கே பார்க்கிறார்? பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கொடுக்கிறாரா, நேரே முன்னால் அடிக்கிறாரா? இது ஜூலையில் எப்படியோ, ஜனவரியிலும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். பின்னால் மூன்று பேரா, நான்கு பேரா என்பதும் அப்படியே. கோர்னர் கிக்கை வடிவாகக் கவனியுங்கோ. யார் அடிக்கிறார், யார் கிட்டின கம்பத்துக்கு ஓடுகிறார், யார் கோல்காப்பாளரை மறித்துக்கொண்டு நிற்கிறார் என்பதெல்லாம் பயிற்சியில் மணிக்கணக்காகப் பழகின விஷயம். சில முகாமையாளர்கள் எதிரணி ஒற்றர் பார்க்கிறார் என்று நல்ல கோர்னர்களை மறைத்து வைப்பதும் உண்டு. ஆனபடியால் மோசமான கோர்னரைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, நல்ல கோர்னரைப் பார்த்தால் சந்தோஷப்படலாம்.

என்னிடம் ஓர் ஆட்டத்தை மட்டும் பார்க்கச் சொன்னால் லீக் தொடங்க முன் வருகிற கடைசிச் சிநேகபூர்வ ஆட்டத்தைத்தான் பார்ப்பேன். அதில் தொடங்குகிற பதினொரு பேரில் பெரும்பாலானோர் முதல் லீக் ஆட்டத்திலும் தொடங்குவார்கள். அறுபதாவது நிமிடத்துக்குப் பிறகு யார் இன்னும் உள்ளே நிற்கிறார் என்று பாருங்கோ, முகாமையாளர் யாரை நம்புகிறார் என்பது அங்கே தெரிந்துவிடும். யார் சாதாரண உடுப்பில் பக்கத்தில் குந்திக்கொண்டிருக்கிறார் என்பதும் முக்கியம். ஜூலையில் தொடைத் தசை இழுபட்ட முன்வரிசை வீரன் ஒருவன் செப்டம்பர் நடுப்பகுதி வரை வராமல் விடலாம். லீக் தொடங்க முன் உள்ள இந்த முன்பருவத்தில் என்னைக் கவலைப்படுத்துவது அந்த ஒன்றுதான். நாலு கோல் வாங்கினால் நித்திரை கெடுவதில்லை.

நாலு கோல் என்றதும் ஒரு கதையைச் சொல்லாமல் போகமுடியாது. இந்தக் கழகத்துக்குப் புதிதாக வருகிற எவரும் தெரிந்திருக்க வேண்டிய கதை. பழைய விம்பிள்டன் கழகம் 1988இல் லிவர்பூலை 1-0 என்று வீழ்த்தி எஃப்ஏ கிண்ணத்தை எடுத்தது. லோரி சான்செஸ் தலையால் முட்டினது கோல், டேவ் பெசன்ட் பிடித்தது பெனால்டி. 1991இல் பிளோ லேன் மைதானத்தை விட்டு செல்ஹர்ஸ்ட் பார்க்கில் வாடகைக்குப் போனார்கள். 2002 மே 28ஆம் திகதி, அந்தக் கழகத்தைத் தூரத்தில் இருக்கிற மில்டன் கீன்ஸ் நகரத்துக்குக் கொண்டுபோகலாம் என்று எஃப்ஏ, அதாவது இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம், நியமித்த மூன்று பேர் குழு அனுமதி கொடுத்தது. ஆதரவாளர்கள் அழுதுகொண்டிருக்கவில்லை. சொந்தமாகவே ஒரு கழகத்தைத் தொடங்கினார்கள். ஜூன் கடைசியில் விம்பிள்டன் கொமன் புல்வெளியில் யாரும் வந்து ஆடிக் காட்டலாம் என்று அறிவித்தார்கள், இருநூறுக்கு மேல் பொடியன்கள் வந்து நின்றார்கள். அதில் பொறுக்கியெடுத்த அணி ஜூலை 10ஆம் திகதி சட்டனில் முதல் ஆட்டத்தை ஆடியது. அது ஒரு முன்பருவச் சிநேகபூர்வ ஆட்டம். வந்த சனம் 4,657. உள்ளே விட்டு முடியாமல் ஆட்டத்தையே பிந்தித் தொடங்க வேண்டியிருந்தது. சட்டன் யுனைட்டெட் 4, ஏஎஃப்சி விம்பிள்டன் 0. விசில் ஊதினதும் தோற்ற அணியின் சனம் மைதானத்துக்குள் இறங்கி வீரர்களைக் கட்டிப்பிடித்துக் கொண்டாடியது.

அந்த நாலு கோலை வைத்துக் கணித்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? அந்த அணி அந்தப் பருவத்தில் கொம்பைன்ட் கவுண்டீஸ் லீக் என்ற கீழ்மட்ட லீக்கில் 111 புள்ளி எடுத்தது. எடுத்தும் மூன்றாவது இடம்தான், மேலே ஏற முடியவில்லை. அடுத்த பருவம் 46 ஆட்டத்தில் 42 வெற்றி, 4 சமநிலை, தோல்வியே இல்லை. 2003 பெப்ரவரி தொடக்கம் 2004 டிசம்பர் வரை 78 லீக் ஆட்டங்களில் தோற்கவில்லை. 2011இல் லூட்டனைப் பெனால்டியில் வென்று தொழில்முறை லீக்குக்குள் வந்தார்கள். 2025 ஓகஸ்ட் 1ஆம் திகதி போனதும் அதே லூட்டனிடம்தான். இடையில் லூட்டன் பிரீமியர் லீக் வரை ஏறி, அடுத்தடுத்து இரண்டு வருஷம் இறங்கி வந்திருந்தது. பிரீமியர் லீக்கில் இருந்து இறங்கினதற்குக் கிடைக்கிற காசு அப்போதும் அவர்கள் கையில் இருந்தது. ஆனபடியால் அந்த முதல் ஆட்டத்தின் முடிவைப் பெரிதாக எடுக்கவேண்டாம்.

மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும். 2021-22 பருவம் மோசமாகத் தொடங்கவில்லை. ஓகஸ்டில் பொடியன்கள் துடிப்பாக ஆடினார்கள், நாங்களும் நம்பினோம். குளிர்காலத்தில் வெற்றி நின்றது. பிறகு வரவேயில்லை. 27 ஆட்டங்களாக ஒன்றையும் வெல்லாமல் லீக் டூவுக்கு இறங்கினோம். அந்தக் கோடையில்தான் ஜோனி ஜாக்சன் முகாமையாளராக வந்தார். அவருடைய முதல் பருவத்தில் லீக் டூவில் 21ஆவது இடம், லீக்கை விட்டே இறங்குகிற கோட்டுக்குக் கிட்ட. கலரியில் என்னைச் சுற்றி இருந்தவர்களில் பாதிப் பேர் அவரை அனுப்பச் சொன்னார்கள். கழகம் அனுப்பவில்லை. அடுத்த பருவம் 10ஆவது, அதற்கடுத்தது 5ஆவதும் வெம்பிளியும். மூன்று கோடை எடுத்தது. ஒரு முகாமையாளரை மதிப்பிட ஒரு முன்பருவம் போதாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இந்தக் கழகத்தின் பெரும்பான்மைப் பங்கு டொன்ஸ் ட்ரஸ்ட் என்ற ஆதரவாளர் அமைப்பிடம் இருக்கிறது, ஓர் அங்கத்தவருக்கு ஒரு வாக்கு. பழைய பிளோ லேனுக்குச் சற்றுத் தள்ளி, நாய்ப் பந்தயம் நடந்த இடத்தில் கட்டின புது மைதானத்துக்குக் காசு போதாமல் வந்தபோது ஆதரவாளர்களே கடன்பத்திரம் வாங்கி ஐந்து மில்லியன் பவுணுக்கு மேல் திரட்டினார்கள். 2020 நவம்பரில் முதல் ஆட்டம், கொரோனாவால் ஆளில்லாத மைதானத்தில். 2024 செப்டம்பரில் வாண்டில் ஆறு பெருகி மைதானத்துக்குள் வந்து புல்தரையில் பள்ளமே விழுந்தது, நியூகாசிலுடனான கிண்ண ஆட்டத்தை அவர்களுடைய ஊருக்கு மாற்ற வேண்டி வந்தது. இப்படியான கழகம் வாங்குகிற வீரனுக்குப் பெரிய விலை கொடுக்காது. நல்லாக ஆடுகிறவன் விலைபோவான், கடனுக்கு வந்தவன் திரும்பிப் போவான். ஒவ்வொரு ஜூலையிலும் உங்களுக்குப் பெயர் தெரியாத ஆட்கள் இருக்கத்தான் செய்வார்கள். அதைச் சகிக்க முடியாதென்றால் இது உங்களுக்குச் சரிவராது, அதில் பிழையுமில்லை.

டூட்டிங், மிட்சம் ஊர்ப் பக்கத்து எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் லிவர்பூல், மன்செஸ்டர் யுனைட்டெட், ஆர்சனல் சட்டைதான். வீட்டில் தொலைக்காட்சியில் அந்தப் பெரிய கழகம், சனிக்கிழமை மூன்று மணிக்கு நடந்துபோய்ப் பார்க்க இந்தச் சின்னக் கழகம் என்று இரண்டையும் வைத்திருக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. எஃப்ரா வீதிப் பிள்ளையார் கோயிலுக்குப் போகத் தெரிந்தவருக்கு மைதானம் நடைதூரம்தான், ஹேடன்ஸ் ரோட் புகையிரத நிலையம் இன்னும் கிட்ட. பிரீமியர் லீக் மைதானத்தில் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வீரனின் முகம் தெரியாது. இங்கே அவன் சப்பாத்துச் சத்தம் கேட்கும், முகாமையாளர் கத்துவது கேட்கும். சில வேளை கேட்கக்கூடாததும் கேட்கும், அதற்கு நான் பொறுப்பில்லை.

டிக்கெட் விஷயத்தில் என் யோசனை: ஜூலை ஆட்டத்தை வைத்து எடுக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம். ஓகஸ்டில் ஒரு சனிக்கிழமை லீக் ஆட்டத்துக்கும், ஒரு செவ்வாய் இரவு ஆட்டத்துக்கும் தனி டிக்கெட்டில் போய்ப் பாருங்கோ. சனிக்கிழமை யாருக்கும் பிடிக்கும். மறுநாள் பள்ளிக்கூடம் இருக்கிற மாதத்தில் வருகிற செவ்வாய் இரவுகளுக்கு மகனைக் கூட்டிவர உங்களுக்கு வசதிப்படுமா என்பதுதான் சீசன் டிக்கெட்டின் உண்மையான கணக்கு. ஒரு பருவத்தில் சொந்த மைதானத்தில் நடக்கிற லீக் ஆட்டம் 23 இருக்கிறது. அதில் பதினைந்துக்குப் போக முடியாதென்று பட்டால் தனித்தனியாக எடுப்பதுதான் கைக்கு அடக்கம். எடுப்பதாக முடிவு செய்தால் இருந்து பார்க்கிற பகுதியில் எடுங்கோ. நின்று பார்க்கிற பக்கம் பாட்டும் சத்தமுமாக நல்லாகத்தான் இருக்கும், ஆனால் அந்த உயரத்துக்கு முன்னால் நிற்கிறவரின் முதுகுதான் தெரியும். இன்னொன்று, மில்டன் கீன்ஸ் கழகத்தின் பெயரைக் கலரியில் சத்தமாகச் சொல்லவேண்டாம் என்று மகனுக்குச் சொல்லி வையுங்கோ. 2025-26 பருவத்தில் அவர்கள் எங்களுக்கு ஒரு பிரிவு கீழே ஆடினார்கள், அதை மட்டும் எவ்வளவு சத்தமாகவும் சொல்லலாம்.